உங்கள் வாக்கு எந்தக் குவியலில் விழுகிறது? தேர்தல் எல்லைகள் பற்றி, திருகோணமலையை வைத்து

எல்லை நிர்ணயம் என்றதும் நில அளவையாளரும் எல்லைக் கல்லும்தான் பலருக்கு ஞாபகம் வரும். தேர்தல் எல்லை காணியைப் பிரிப்பதில்லை. வாக்குகளைப் பிரித்துக் குவியல் குவியலாக வைக்கிறது. யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் விருப்பம். அந்த வாக்கு எந்த ஊர்க்காரரின் வாக்கோடு சேர்ந்து எண்ணப்பட வேண்டும் என்பதை எல்லையைக் கீறியவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

ஒரு தாளை எடுத்து ஒன்பது கட்டம் போடுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொரு கட்டமும் 1,000 வாக்காளர் உள்ள ஒரு கிராமம். வலப் பக்க ஓரம் கடல். கடலை ஒட்டிய மூன்று கட்டங்களும் மீன்பிடிக் கிராமங்கள், உள்ளே இருக்கும் ஆறும் வயற் கிராமங்கள். கடற்கரையார் கடற்கரை வேட்பாளருக்கும் வயற்காரர் வயல் வேட்பாளருக்கும் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதை மூன்று வட்டாரமாகப் பிரிக்க வேண்டும், வட்டாரத்துக்கு 3,000 பேர், ஓர் உறுப்பினர்.

கரைக்குச் சமாந்தரமாக, மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுங்கள். கடற்கரைக் கிராமங்கள் மூன்றும் ஒரே வட்டாரம் ஆகும். கடற்கரைக்கு ஓர் உறுப்பினர், வயலுக்கு இருவர். இப்போது அதே தாளில் கோடுகளைக் குறுக்காக, கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி இழுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மீன்பிடிக் கிராமம், இரண்டு வயற் கிராமம். மூன்றிலும் வயற்காரரே வெல்வார். மக்கள் மாறவில்லை, வாக்கு மாறவில்லை, ஒவ்வொரு வட்டாரமும் 3,000 பேர் என்ற சமத்துவமும் கெடவில்லை. கடற்கரையாருக்கு மட்டும் ஒருவருமில்லை.

இன்னும் ஒரு படி. நடுக் கட்டமும் மீன்பிடிக் கிராமம்தான், அங்கே ஒரு களப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மீனவர் நான்கு, வயல் ஐந்து. கரையின் மேல் இரண்டு கட்டத்தையும் நடு நிரலின் மேல் கட்டத்தையும் ஒரு வட்டாரமாக்குங்கள். கரையின் கீழ்க் கட்டம், நடுக் கட்டம், அதற்குக் கீழே உள்ள கட்டம் மூன்றும் இரண்டாவது வட்டாரம். உள்நாட்டு நிரல் மூன்றாவது. ஒன்பதில் நான்கு கிராமம் வைத்திருக்கும் மீனவர் மூன்றில் இரண்டு ஆசனத்தை எடுத்துவிடுவார்கள்.

ஒரு கூட்டத்தை ஒரே இடத்தில் அடைத்து அவர்களின் மிகுதி வாக்கை வீணாக்குவது ஒரு வழி. துண்டு துண்டாக்கிப் பல வட்டாரங்களில் கரைத்துவிடுவது இன்னொரு வழி. உலகத்தில் நடக்கும் எல்லை மோசடி எல்லாம் இந்த இரண்டின் கலவைதான். 1812இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட தொகுதிப் பிரிப்பில் ஒரு தொகுதி சலமாண்டர் என்ற பல்லி மாதிரியான பிராணியைப் போல் நெளிந்திருந்ததாம். பத்திரிகைக்காரர் இரண்டு பெயரையும் ஒட்டி ‘ஜெர்ரிமாண்டர்’ என்றார்கள், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதனால் கோணல் வடிவம் என்றாலே மோசடி என்று ஒரு நினைப்பும் வந்துவிட்டது. நம்முடைய தாளைப் பாருங்கள். கடற்கரையாரை முழுதாக அழித்தது நேர்கோடுதான். வடிவத்தைப் பார்த்து எல்லையை எடை போடாதீர்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

திருகோணமலையில் எத்தனை கோடுகள்?

நம்மவர் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே நிலத்தின் மேல் பல வலைகள் விரிக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. இவை நிர்வாக எல்லைகள். திருகோணமலை நகரும் கிண்ணியா நகரும் பிரதேச சபைகளுமாக 13 உள்ளூராட்சி மன்றங்கள், அவற்றுக்குள் வட்டாரங்கள். இதற்கு மேல் திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று வாக்களிப்புப் பிரிவுகள். இவற்றைத்தான் பேச்சில் இன்றும் ‘தொகுதி’ என்கிறோம். மூன்றும் சேர்ந்தது திருகோணமலைத் தேர்தல் மாவட்டம், இலங்கையில் உள்ள 22இல் ஒன்று.

பாராளுமன்றத் தேர்தலில் வெளிக்கோடு மட்டும்தான் ஆசனத்தைத் தீர்மானிக்கிறது. மூதூருக்கென்று, சேருவிலவுக்கென்று தனி உறுப்பினர் கிடையாது. விகிதாசார முறையில் (கட்சி எடுத்த வாக்கின் வீதத்துக்கு ஏற்ப ஆசனம்) முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்த 1989 பெப்ரவரியோடு அது போய்விட்டது. முடிவுகள் தொகுதிவாரியாக வெளிவருவதால் அப்படி ஒரு தோற்றம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மாவட்டத்துக்கு ஏன் நான்கு ஆசனம்?

பாராளுமன்றத்தின் 225 பேரில் 29 பேர் தேசியப் பட்டியல், நாடு முழுவதும் கட்சிகள் எடுத்த வாக்கின்படி வருபவர்கள். மீதி 196ஐ அரசியலமைப்பு இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் நான்கு என்று ஒன்பது மாகாணத்துக்கும் 36, இதற்கு ஆள்தொகை பார்ப்பதில்லை. மற்ற 160ஐ வாக்காளர் தொகைப்படி பிரிக்கிறார்கள். கிழக்கின் நான்கில் ஒன்று திருகோணமலைக்கு.

160இல் நம் பங்கு இப்படி வருகிறது. 2024இல் நாட்டில் பதிவு செய்த வாக்காளர் சுமார் 1 கோடி 71 இலட்சம். 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 இலட்சத்து 7 ஆயிரம், ஓர் ஆசனத்தின் ‘விலை’ அது. திருகோணமலையில் வாக்காளர் 3 இலட்சத்து 15 ஆயிரத்துக்குச் சற்று மேல். இரண்டு ஆசனம் முழுதாக வாங்கலாம், கையில் ஓர் இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். எல்லா மாவட்டங்களுக்கும் முழு எண்களைக் கொடுத்தபின் எஞ்சும் ஆசனங்கள் பெரிய மீதி உள்ளவர்களுக்குப் போகும். நம் மீதி மிகப் பெரியது என்பதால் மூன்றாவது கிடைக்கிறது. மூன்றும் மாகாணப் பங்கு ஒன்றும் சேர்ந்து நான்கு.

இந்தக் கணக்கில் சனத்தொகை எங்கும் வரவில்லை, வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்கள்தான் எண்ணப்படுகின்றன. எல்லையில் ஒரு அங்குலம் மாறாமலே ஆசனம் போகலாம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் ஒன்பது பேரை அனுப்பியது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போரும் இடப்பெயர்வும் வெளிநாடும் இடாப்பை மெலிய வைத்தன, கோடு அப்படியே இருந்தது. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்தும் சம்பூரிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்ப ஆண்டுகள் எடுத்தன. அப்படிப்பட்டவர் முகாம் விலாசத்தில் பதிவதா ஊர் விலாசத்தில் பதிவதா என்பது அவருடைய சொந்த விடயம் மட்டுமில்லை, ஊரின் எண்ணிக்கையும் கூட. இடம்பெயர்ந்தோர் பதிவுக்கென்றே 2017இல் தனிச் சட்டம் வந்தது அதனால்தான். கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தை நிரப்பாமல் அலுமாரிக்கு மேல் போட்டுவைப்பவர், எல்லை நிர்ணயத்தில் தன் ஊருக்கு எதிராக ஒரு சின்னக் கோடு கீறியவர் ஆகிறார்.

நான்கு ஆசனத்தில் ஒன்று அதிக வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸ். மிகுதி மூன்றுதான் பங்குக்கு வருகின்றன, 5 வீதத்துக்குக் குறைந்தவர் பந்தியிலேயே இல்லை. இந்தச் சின்ன எண் காரணமாகத்தான் இங்கே ஒரே சமூகத்தின் வாக்கு மூன்று நான்கு பட்டியலாகச் சிதறினால் ஒருவரும் வராமல் போகும் என்ற பயம் ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்புகிறது. பெரிய மாவட்டங்களில் இந்தப் பயம் இவ்வளவு இல்லை.

மூதூர் இரண்டாகி, மூன்றாவது வந்த கதை

எல்லை என்ன செய்யும் என்பதற்குப் பழைய மூதூரைவிட நல்ல பாடம் இல்லை.

1972 வரை நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பு மாகாணத்துக்கு ஆசனம் கொடுத்த முறை: 75,000 பேருக்கு ஒன்று, கூடவே 1,000 சதுர மைலுக்கு ஒன்று. நாடு 25,000 சதுர மைல் என்பதால் நிலத்துக்கு மட்டும் 25 ஆசனம். சனம் ஐதாக வாழ்ந்த வடக்கும் கிழக்கும் இதனால் பலன் பெற்றன. இன்றைய ‘மாகாணத்துக்கு நான்கு’ அந்த ஏற்பாட்டின் வாரிசு. ஆனால் 75,000 என்பது குடிகளின் தொகை, வாக்காளர் தொகை இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களின் உரிமையைப் பறித்த பிறகும் அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன, வாக்குகள் எண்ணப்படவில்லை. அவர்களுக்காகக் கிடைத்த ஆசனங்களை அயலில் உள்ள மற்ற வாக்காளர்கள் நிரப்பினார்கள். எல்லையைப் பற்றிப் பேசும்போது கோட்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ‘யாரை எண்ணினீர்கள்?’ என்பது.

இனம், மதம் அல்லது வேறு ஏதாவது பொது நலனால் ஒன்றுபட்டு, அந்த இடத்தின் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட மக்கள் திரளாக இருந்தால் அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கும்படி பிரிக்கலாம் என்றும் அந்த அரசியலமைப்பு இடம் வைத்திருந்தது. அதற்கு ஒரு கருவி பல அங்கத்தவர் தொகுதி. 1960இலிருந்து மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் கொட்டியாரப் பக்கத்தை நடுவில் கிழிக்காமல், ஒரே தொகுதியாக விட்டு வாக்காளருக்கு இரண்டு வாக்கைக் கொடுத்தார்கள். 1970இல் அங்கிருந்து போனவர்கள் ஏ. எல். அப்துல் மஜீதும் அ. தங்கத்துரையும். ஒரு முஸ்லிம், ஒரு தமிழர்.

1976இன் எல்லை நிர்ணயம் மூதூரை ஒற்றை அங்கத்தவர் தொகுதியாக்கி, சேருவில என்ற புதுத் தொகுதியை உண்டாக்கியது. வரைபடத்தைப் பார்த்தால் சேருவில வழமையான வட்டமோ சதுரமோ இல்லை. தெற்கே சேருவிலவில் தொடங்கிக் கந்தளாய், மொரவெவ, கோமரங்கடவல என்று மாவட்டத்தின் மேற்கு விளிம்பைச் சுற்றி வடக்கே பதவிசிறிபுர வரை ஏறும். குடியேற்றத் திட்டங்களின் கோடு அது. 1977இல் திருகோணமலைக்கு இரா. சம்பந்தன், மூதூருக்கு எம். ஈ. எச். மஹ்ரூப், சேருவிலவுக்கு எச். டி. எல். லீலாரத்ன. மாவட்டத்துக்கு முன்பும் மூன்று உறுப்பினர், பின்பும் மூன்று. இரண்டு தமிழர் ஒரு முஸ்லிம் என்றிருந்தது, ஆளுக்கொன்று ஆனது.

இதைத் தமிழர் தரப்பு பறிபோன ஆசனம் என்கிறது. குடியேற்றம் முதலில் ஆட்தொகையை மாற்றியது, பிறகு எல்லை அதை ஆசனமாக மாற்றியது என்பது அவர்களின் வாதம். 1981 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்களவர், அவர்களுக்கு ஓர் உறுப்பினர் வந்ததில் என்ன பிழை என்பது மற்றத் தரப்பு. இரண்டு கூற்றும் ஒரே வரைபடத்தைத்தான் காட்டுகின்றன. எங்கள் பார்வையில், மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தொடாத இந்த மண்ணுக்கு இரட்டை அங்கத்தவர் முறை பொருத்தமாக இருந்தது. புதுத் தொகுதி வேண்டுமென்றால் அதைச் சேர்த்திருக்கலாம், மூதூரின் இரண்டாவது ஆசனத்தை எடுத்துத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை.

வட்டாரம் கீறுவது எப்படி

உள்ளூராட்சித் தேர்தலில் 2018 பெப்ரவரியிலிருந்து வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை. உறுப்பினரில் 60 வீதம் வட்டாரத்திலிருந்து, 40 வீதம் பட்டியலிலிருந்து. வட்டாரம் பிரிக்கும்போது பார்க்க வேண்டியவை என்று சட்டம் சொல்வது இன விகிதம், நிலப்பரப்பும் புவியியல் அமைப்பும், சனத்தொகையும் அடர்த்தியும், பொருளாதார நிலை.

நடைமுறையில் எல்லை நிர்ணயக் குழு வெறுந்தாளில் தொடங்குவதில்லை. கையில் இருக்கும் செங்கல் கிராம உத்தியோகத்தர் பிரிவு. அதன் சனத்தொகை தெரியும், எல்லை ஏற்கெனவே வர்த்தமானியில் இருக்கிறது. இந்த மன்றத்துக்கு இத்தனை வட்டாரம் என்று முதலில் முடிவாகும், மொத்தத்தை வகுத்துச் சராசரி எடுப்பார்கள், பிறகு அயல் பிரிவுகளைச் சராசரிக்குக் கிட்டும் வரை ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். சேராத இடத்தில்தான் பிரச்சினை. ஒரு பிரிவு தனியே வட்டாரமாக நிற்கப் போதாது, பக்கத்துப் பிரிவோடு சேர்த்தால் அளவு மிஞ்சிவிடும். ஒன்று, பிரிவை உடைக்க வேண்டும். இல்லையென்றால் சமநிலையை விட்டுக்கொடுக்க வேண்டும். அல்லது இரண்டு உறுப்பினர் உள்ள பெரிய வட்டாரம் ஆக்க வேண்டும்.

பிரிவை உடைத்தால் எல்லையை எழுத்தில் எழுத வேண்டும். காணி உறுதியில் போல வடக்கே இது, கிழக்கே இது என்று நான்கு திசைக்கும். எழுதியவர் ‘வாய்க்கால்’ என்று போட்டிருப்பார், தரையில் இரண்டு வாய்க்கால் இருக்கும். ‘பழைய கடற்கரை வீதி’ என்றிருக்கும், வீதியின் எந்தப் பக்கம் என்று இராது. ஊரின் பெயர் மூன்று மொழியில் மூன்று விதமாக இருக்கும். இவற்றின் விளைவு தேர்தலன்று தெரியும். ஒழுங்கையின் இந்தப் பக்கத்து வீட்டார் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்களிக்க, எதிர்வீட்டார் மூன்று கிலோமீற்றர் தாண்டிப் போவார்கள்.

புவியியலைக் காகிதத்தில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் வேறு. கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் நின்றால் மறுகரை கண்ணுக்குத் தெரியும். தரையால் போக, பாலங்கள் வரும் முன்பு துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும் (பாதை என்றால் இங்கே வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவை, மற்ற ஊர்க்காரர் றோட்டு என்று நினைக்கக்கூடாது). கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் அயல் என்பதன் பொருளே மாறியது. பாலத்துக்கு முந்திய எல்லை அப்போது நியாயமாக இருந்திருக்கலாம். இன்று அதையே பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் வேண்டும்.

கலப்பு முறையில் வட்டார எல்லை கட்சியின் மொத்தப் பலத்தை அவ்வளவாக மாற்றாது. மன்றம் முழுவதும் ஒரு கட்சி எடுத்த வாக்கின் வீதத்துக்குத்தான் ஆசனம், வட்டாரத்தில் வென்றதைக் கழித்து மீதியைப் பட்டியலில் கொடுப்பார்கள். ஆனால் ஓர் ஓட்டை உண்டு. 20 பேர் கொண்ட சபை, 12 வட்டாரம், 8 பட்டியல் என்று வையுங்கள். 40 வீத வாக்கு எடுத்த கட்சி, எதிராளிகள் சிதறியதால் 12 வட்டாரத்தையும் வென்றுவிடுகிறது. அதற்கு உரியது 8. வென்ற 12ஐப் பறிக்க முடியாது. மற்றவர்களுக்கு உரிய 12ஐயும் கொடுக்க வேண்டும். சபை 24 ஆகிவிடும். முன்பு நாடு முழுவதும் சுமார் 4,500 ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை 2018இல் 8,000ஐத் தாண்டியது. புதுச் சட்டமே எண்ணிக்கையைக் கூட்டித்தான் வைத்திருந்தது, இந்த மேலதிக ஆசனங்கள் அதற்கு மேல் ஏறிக்கொண்டன.

எல்லை முடியாததால் நின்ற தேர்தல்

எல்லை நிர்ணயம் வெறும் தொழில்நுட்ப வேலை என்று நினைப்பவர் மாகாண சபையைப் பார்க்கட்டும். 37 உறுப்பினர் கொண்ட கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் வந்த சட்டத் திருத்தம், பாதி தொகுதி பாதி பட்டியல் என்று முறையை மாற்றியது. முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளைக் கீறி 2018 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது, எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழுவுக்கு இரண்டு மாத அவகாசம் இருந்தது, அறிக்கை வரவில்லை. பழைய சட்டம் நீக்கப்பட்டாயிற்று, புதுச் சட்டத்துக்கு எல்லை இல்லை. திரும்பிப் போகவும் இன்னொரு திருத்தம் வேண்டும். தேர்தல் ஆணைக்குழு தேர்தலை வைக்க நினைத்தாலும் எந்தத் தொகுதிக்கு வேட்புமனு கேட்பது?

மனு எழுதுகிறவர்களுக்கு

ஒவ்வொரு தடவையும் குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன, காலக்கெடு குறுகியது. பெட்டி நிறைய வரும் மனுக்களில் பெரும்பாலானவை ‘எங்கள் கிராமத்துக்கு அநீதி இழைக்கப்பட்டுள்ளது’ என்று தொடங்கி அதே வரியில் முடிந்துவிடுகின்றன. அதை வைத்து யாராலும் கோட்டை நகர்த்த முடியாது.

கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கத்தைப் போடுங்கள், பெயர் மட்டும் போதாது. அந்தப் பிரிவின் வாக்காளர் தொகையைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள தேர்தல் அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். எந்தப் பிரிவை எந்த வட்டாரத்திலிருந்து எடுத்து எதில் சேர்க்கச் சொல்கிறீர்கள் என்பதையும், சேர்த்தபின் இரண்டு வட்டாரத்தின் தொகையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதையும் கணக்காகக் காட்டுங்கள். இதை விட்டவர்களின் மனுதான் முதலில் ஒதுங்கும், ஏனென்றால் ஒரு செங்கல்லை உருவினால் பக்கத்துச் சுவர் சரியும், குழுவுக்கு அது தெரியும். ஆறு, களப்பு, பஸ் ஓடும் வீதி, பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடம், மீன் ஏலம் போகும் இடம், எல்லோரும் சாமான் வாங்கும் சந்தை என்று எது உங்களை எந்த ஊரோடு சேர்க்கிறதோ அதை எழுதுங்கள். வரைபடம் ஒன்றில் பழைய கோட்டைக் கறுப்பிலும் கேட்கும் கோட்டைச் சிவப்பிலும் கீறி இணையுங்கள். கையால் கீறியதே போதும்.

அனுப்பும் முன் பக்கத்து ஊர்க்காரரோடு ஒரு தடவை பேசிவிடுங்கள். அவர்களும் அதே கோட்டைப் பற்றித்தான் மனு எழுதிக்கொண்டிருப்பார்கள், எதிர்த்திசையில் நகர்த்தச் சொல்லி.